செந்நிறக்கீழ்: சிவப்புக்கு உள்ளேயா, கீழேயா?

வன்னியில் விஞ்ஞானம் படித்தவர்களுக்கு ‘செந்நிறக்கீழ்க் கதிர்’ பழகிய சொல். இப்போது தமிழகக் காணொளி பார்த்துப் படிக்கும் பிள்ளைகள் அதையே ‘அகச்சிவப்பு’ என்கிறார்கள். இரண்டும் கண்ணுக்குத் தெரியாமல் வெப்பமாக உணரப்படும் இன்ஃப்ராரெட் கதிர்தான். ஆனால் எது பொருந்தும் என்று கேட்டால், நான் நம் பாடநூல் பக்கம்தான் நிற்பேன்.

இலத்தீனில் ‘இன்ஃப்ரா’ என்றால் கீழே. சிவப்பொளியின் மீடிறனை (அலை ஒரு செக்கனில் அதிரும் தடவைகளை) விட இந்தக் கதிரின் மீடிறன் குறைவு; அதுதான் கீழே. ‘அகம்’ என்றால் உள். சிவப்புக்கு உள்ளே இது இல்லையே! 1800 இல் வானியலாளர் வில்லியம் ஹேர்ஷல் அரியம் என்ற முப்பட்டைக் கண்ணாடியால் சூரிய ஒளியை நிறங்களாகப் பிரித்து, நிறத்துக்கு நிறம் வெப்பமானி வைத்துப் பார்த்தார். சிவப்பும் முடிந்து, ஒன்றுமே தெரியாத இடத்தில்தான் வெப்பநிலை எல்லாவற்றையும் விட ஏறியது. இன்ஃப்ராரெட் என்ற பெயர் அதற்கு வெகுகாலம் பிந்தியது.

1802 இல் ‘அஸ்ரொயிட்’ என்ற பெயரைப் புழக்கத்துக்கு விட்டவரும் இதே ஹேர்ஷல்தான். கிரேக்கத்தில் ‘உடு (நட்சத்திரம்) போன்றது’ என்று பொருள். தொலைகாட்டியில் அவை வெறும் புள்ளியாகத் தெரிந்ததால் வந்த பெயர். ‘உடுப்போலி’ அதன் நேர்த் தமிழ். அழகான சொல்தான், ஆனாலும் இங்கே என் வாக்கு ‘சிறுகோளு’க்கு. உடு தானே ஒளிரும். இது சூரியனைச் சுற்றும் கல்.

அதுவும் பல கற்கள் கரி போலக் கறுத்தவை. படும் வெயிலில் நூற்றுக்குச் சில பங்கைத்தான் திருப்பி அனுப்பும். அதனால் சாதாரணத் தொலைகாட்டிக்குப் பெரிய கறுத்த கல்லும் சின்ன வெளிறிய கல்லும் ஒரே மங்கல் புள்ளிதான். வெயில் எரித்த நாளில், நன்றாக இருட்டிய பிறகு இரணைமடுக் குளக்கட்டில் நடந்து பாருங்கள்: கல் கண்ணுக்குத் தெரியாது, உள்ளங்கையைக் கிட்டக் கொண்டுபோனால் சூடு அடிக்கும். சிறுகோளும் வாங்கிய வெயிலைச் செந்நிறக்கீழாக விடுகிறது. அந்த வெப்பத்தை அளந்தால் கல்லின் பருமனையும் கணித்துவிடலாம். பூமியிலிருந்து இதைச் செய்வது கடினம். வளியிலுள்ள நீராவி கதிரை விழுங்கும், வளிமண்டலமும் கருவியும் தாமே வெப்பம் விடும்.

அமெரிக்க வானியலாளர் ஏமி மெய்ன்சர் தலைமையில் நியோவைஸ் செய்த வேலை இதுதான். 2009 டிசம்பரில் விண்வெளிக்கு ஏவிய 40 சென்ரிமீற்றர் தொலைகாட்டி அது. அதைக் குளிரூட்டிய, உறைந்த ஐதரசன் 2010 இல் தீர்ந்தது. பிறகு உறங்க வைத்து, 2013 இல் எழுப்பி, 2024 ஓகஸ்ட் வரை வேலை வாங்கினார்கள். தேடியது முக்கியமாகப் ‘புவியண்மைச் சிறுகோள்’களை. பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப் போல் 1.3 மடங்குக்குள் சூரியனை நெருங்கி வருபவைக்கு அந்தப் பெயர். இன்றைக்கே பூமிக்குப் பக்கத்தில் நிற்கிறது என்று அர்த்தமில்லை.

அடுத்த விண்வெளித் தொலைகாட்டி நியோ சர்வேயர், அதற்கும் மெய்ன்சர்தான் பொறுப்பு. 2027 செப்ரெம்பருக்கு முன் ஏவப்படாது. அதன் செய்தி வரும்போது பத்திரிகைகள் ‘அகச்சிவப்பு’ என்று போட்டாலும் விளங்கும். சோதனைத் தாளில் மட்டும் பிள்ளைகள் செந்நிறக்கீழ் என்றே எழுதட்டும்.