செட்டியார் வந்தாரா, போனாரா?

ரங்கூனுக்குக் கொண்டுவிக்க, அதாவது வியாபாரம் செய்யப் போன ஒரு செட்டியார் மூன்று வருடம் கழித்து செட்டிநாட்டில் கானாடுகாத்தான் ஊரிலுள்ள வீட்டுக்குத் திரும்புகிறார் என்று ஒரு கதை எழுதுவோம். 'வளவுக்குள் வந்தார்' என்று எழுதினால் கதையின் கண் வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில் இருக்கிறது, தூணோரம் நிற்கிற மகளிடமோ அவளுடைய ஆத்தாளிடமோ. 'வளவுக்குள் போனார்' என்றால் கண் வெளியே திண்ணையில், பெட்டியை இறக்கிவைத்த வண்டிக்காரனோடு நின்றுவிட்டது. பார்வைக் கோணம் என்றதும் 'நான்' என்று எழுதுவதா 'அவன்' என்று எழுதுவதா என்பதோடு பலர் முடித்துக்கொள்கிறார்கள். அது பாதி சங்கதிதான், அதுவும் சுலபமான பாதி.

இந்த வந்தார், போனார் விஷயத்தைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 1979-இல் பிளாக், டர்னர், பவர் என்ற மூன்று அமெரிக்க உளவியலாளர்கள், ஒருவன் கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறான், இன்னொருவன் உள்ளே வருகிறான் என்பது மாதிரி வாக்கியங்களைப் படிக்கக் கொடுத்தார்கள். சிலவற்றில் மட்டும் 'வருகிறான்' இருக்க வேண்டிய இடத்தில் 'போகிறான்'. அந்த வாக்கியங்களைப் படிக்கக் கூடுதல் நேரம் பிடித்தது. அதைவிட வேடிக்கை, பிறகு நினைவிலிருந்து சொல்லச் சொன்னபோது பலர் 'போகிறான்' என்பதைத் தாங்களாகவே 'வருகிறான்' என்று திருத்திச் சொன்னார்கள். அதாவது படிக்கிறவன் முதல் வரியிலேயே கூடத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறான், காரணமில்லாமல் எழுப்பி வாசலுக்குத் துரத்தினால் தடுமாறுகிறான்.

தமிழில் இன்னொரு வசதி உண்டு, உறவுமுறை. வீட்டுக்கு வந்த அதே மனிதர் மகளுக்கு அப்பச்சி (செட்டிநாட்டில் அப்பா), கணக்கப்பிள்ளைக்கு முதலாளி, பேரனுக்கு ஐயா, தெருவுக்குச் செட்டியார். 'அப்பச்சி மெலிந்திருந்தார்' என்று எழுதிவிட்டால் 'அவள் பார்த்தாள்' என்று தனியாகச் சொல்லவே வேண்டாம், வாக்கியத்தில் 'நான்' இல்லாவிட்டாலும் கண் மகளுடையதுதான். பிரெஞ்சு விமர்சகர் ஜெரார் ஜெனெட் 1972-இல் பிரித்துக் காட்டியது இதைத்தான்: கதையில் பேசுவது யார் என்பது ஒரு கேள்வி, பார்ப்பது யார் என்பது வேறு கேள்வி.

சரி, பார்க்கிறவருக்கு எவ்வளவு தெரியும்? செட்டிநாட்டு வீட்டில் கதவுகள் ஒரே நேர்கோட்டில் இருப்பதால் முகப்பில் நின்றால் பின்கட்டு வரை பார்வை ஓடும், ஆனால் வளவைச் சுற்றியுள்ள அறைகளுக்குள் என்ன நடக்கிறது என்று ஒன்றும் தெரியாது. ஒருவர் கண் வழியாக மட்டும் சொல்கிற கதையும் இப்படித்தான். அவரால் அடுத்தவர் முகத்தைப் பார்க்க முடியும், மனதை ஊகிக்கத்தான் முடியும். அதனால்தான் மகள் கண்ணில் கதை நடந்தால் 'அப்பச்சிக்குக் கவலை போலிருந்தது' என்று வரும். 'போல' போய்விட்டால் கண் அப்பச்சிக்குள் நுழைந்துவிட்டது என்று அர்த்தம். எல்லாம் அறிந்த கதைசொல்லி என்றால் எந்த அறைக்குள்ளும் நுழையலாம். அப்போது வாசகனுக்கு ஒன்று தெரியும், பாத்திரத்துக்கு அது தெரியாது.

இந்த இரட்டைக் கணக்கை வைத்துக்கொள்ளும் திறமை நமக்குப் பிறந்த உடனே வந்துவிடுவதில்லை. 1983-இல் விம்மர், பெர்னர் என்ற இரண்டு உளவியலாளர்கள் குழந்தைகளுக்கு ஒரு கதை சொன்னார்கள்: மாக்ஸி என்ற பையன் சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போகிறான், அம்மா அதை வேறு அலமாரிக்கு மாற்றிவிடுகிறாள். திரும்பி வந்து எங்கே தேடுவான்? மூன்று வயதுக் குழந்தைகள் பெரும்பாலும் சாக்லேட் இப்போது இருக்கிற இடத்தையே காட்டினார்கள். தனக்குத் தெரிந்தது மாக்ஸிக்குத் தெரியாது என்பது பிடிபட இன்னும் ஓரிரு வயது ஆக வேண்டும். மர்மக் கதை, ஆள்மாறாட்டக் கதை எல்லாம் இந்தத் திறமையை நம்பித்தான் ஓடுகின்றன.

எனக்கு ரொம்பப் பிடித்தது கதைசொல்லியின் குரலுக்கும் பாத்திரத்தின் மனதுக்கும் நடுவில் உள்ள உத்தி. 'ஆத்தா வாசலைப் பார்த்தாள். இந்த மனுஷருக்குக் கப்பலில் சோறே போடவில்லையா? இலையைப் போடச் சொன்னாள்.' நடு வரி யாருடையது? 'என்று நினைத்தாள்' இல்லை, மேற்கோள்குறியும் இல்லை. குரல் கதைசொல்லியுடையது, எரிச்சல் ஆத்தாளுடையது. அடுத்த வரியிலேயே செட்டியாருடைய மனதுக்குத் தாவி, 'வீடு முன்னைவிடச் சின்னதாகத் தெரிந்தது' என்று எழுதினால்தான் சிக்கல். தெரிந்தது யாருக்கு? தாவக் கூடாது என்று சட்டம் ஒன்றும் கிடையாது, ஆனால் ஒரு பத்தி இடைவெளியாவது விட்டுத் தாவினால் வாசகன் எழுந்து கூடவே வந்துவிடுவான்.