வினையூக்கி: சொல்லும் பொருளும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத் தமிழ்ப் பிள்ளைகள் வேதியியலை ஆங்கிலத்தில் படிக்கிறார்கள்; தமிழைப் பெரும்பாலும் கோயிலிலும் வார இறுதி வகுப்பிலும் கேட்கிறார்கள். அதனால் ‘வினை’ என்றதும் அவர்கள் மனத்தில் எழுவது, தீர்த்தருளும்படி இறைவனிடம் வேண்டும் முன்வினைதான். வேதியியலில் வினை என்பது பொருள்கள் ஒன்றோடொன்று சேர்ந்தோ பிரிந்தோ வேறு பொருளாக மாறும் செயல். அந்த மாற்றத்தை விரைவுபடுத்தி, முடிவில் தன் பழைய நிலைக்கே திரும்பிவிடுவது வினையூக்கி.

அது ஒதுங்கி நின்று ஏவுவதில்லை. இரண்டு பென்சீன் வளையங்களை இணைக்கும் சுசூக்கி வினையைப் பாருங்கள். வினையூக்கியான பல்லேடியம் என்னும் உலோகத்தின் அணு முதலில் புரோமோபென்சீனின் கார்பனுக்கும் புரோமினுக்கும் நடுவே புகுந்துகொள்கிறது. பிறகு போரான் சேர்மத்திடமிருந்து இன்னொரு வளையத்தை வாங்கிக்கொள்கிறது. இரண்டையும் இணைத்து வெளியே விட்டுவிட்டு, அடுத்த சுற்றுக்குத் தயாராகிறது. இத்தகைய பல்லேடியம் வினைகளுக்காகவே ஹெக், நெகிஷி, சுசூக்கி மூவரும் 2010-இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

ஆய்வகத்தில் இதை நேரில் உணரலாம். பல்லேடியம் ஏற்றிய கரித்தூளை வைத்து ஹைட்ரஜனேற்றம் செய்து வடிகட்டினால், வடிதாளில் கறுப்புத் தூள் தங்கும். அதை உலரவிடவே கூடாது. ஹைட்ரஜனை உறிஞ்சி வைத்திருக்கும் அந்தத் தூள், கரைப்பானான மெத்தனாலின் ஆவியும் காற்றும் சேர்ந்தால் தீப்பிடித்துவிடும். குடுவையில் வேலை முடிந்த பிறகும் அதன் வீரியம் குறையாமல் இருக்கிறது.

வினையூக்கத்தைக் குறிக்கும் ‘கேட்டலிசிஸ்’ என்ற சொல்லை வேதியியலில் வழக்குக்குக் கொண்டுவந்தவர் ஸ்வீடன் அறிஞர் பெர்சீலியஸ், ஆண்டு 1835. கிரேக்கத்தில் ‘கீழாக அவிழ்த்தல்’ என்பது அதன் வேர்ப்பொருள். அவர் தொகுத்துப் பார்த்த சோதனைகளில் ஒன்று, பிளாட்டினத்தின்மேல் ஹைட்ரஜனைச் செலுத்தினால் அது தானே பற்றிக்கொள்ளும் என்று 1823-இல் ஜெர்மானிய வேதியியலாளர் டோபரைனர் கண்டது. உலகிலேயே மிகுதியாகப் பிளாட்டினம் எடுக்கும் நாடு இன்று தென்னாப்பிரிக்கா. அங்கே 1924-இல் நிலவியலாளர் ஹான்ஸ் மெரென்ஸ்கி கண்டறிந்த, பிளாட்டினம் செறிந்த பாறை அடுக்கு அவர் பெயராலேயே வழங்குகிறது.

தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். ஊக்கு என்னும் வினையடியோடு ‘இ’ சேர்ந்து ஊக்கி ஆகிறது. வழிகாட்டி, ஒலிபெருக்கி எல்லாம் இதே அமைப்பு. வினையையும் ஊக்குதலையும் வள்ளுவர் ஒரே குறளில் சேர்த்து ஆண்டிருக்கிறார்: ‘ஆக்கம் கருதி முதலிழக்கும் செய்வினை ஊக்கார் அறிவுடை யார்’ (463). அங்கே ஊக்குதல் என்பது முயன்று மேற்கொள்ளுதல். முதலை இழக்காமல் ஆக்கம் தேடுவது வினையூக்கிக்கும் பொருந்துவதால், இந்தக் குறள் எனக்கு மிகவும் பிடிக்கும்.

இலங்கைப் பாடநூல்களில் ‘ஊக்கி’ என்றே வழங்குகிறது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ‘வினைவேகமாற்றி’யும் உண்டு. பின்னதை நான் விரும்புவதில்லை. அது வேகத்தை மட்டுமே சொல்கிறது. கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த ஒரே வாயுக் கலவை நிக்கலின்மேல் சென்றால் மீத்தேன் தருகிறது. தாமிரமும் துத்தநாக ஆக்சைடும் சேர்ந்த ஊக்கியின்மேல் மெத்தனால். இரும்பின்மேல் நீண்ட ஹைட்ரோகார்பன் சங்கிலிகள். நிலக்கரியிலிருந்து இந்த வாயுவை உண்டாக்கி, இரும்பு ஊக்கியால் பெட்ரோலாக்கும் ஆலை தென்னாப்பிரிக்காவின் சசோல்பர்க்கில் 1955-இல் உற்பத்தியைத் தொடங்கியது. எந்தப் பாதையில் வினை செல்ல வேண்டும் என்பதையும் ஊக்கிதான் தீர்மானிக்கிறது. டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் போகும் நெடுஞ்சாலை டிராக்கன்ஸ்பர்க் மலையை வான் ரீனன் கணவாய் வழியாகக் கடப்பதைப் போல, ஊக்கி இருந்தால் வினையும் ஆற்றல் தடையின் உயரம் குறைந்த வழியில் ஏறி இறங்குகிறது. போய்ச் சேரும் ஊரின் உயரம் மட்டும் மாறுவதில்லை. அதாவது, முடிவில் எவ்வளவு பொருள் மாறும், எவ்வளவு மாறாமல் எஞ்சும் என்ற சமநிலையை ஊக்கியால் மாற்ற முடியாது.

வினையூக்கம், வினையூக்கச் சுழற்சி, வினையூக்கி நஞ்சு என்று இதிலிருந்து சொற்கள் இயல்பாகக் கிளைக்கின்றன. உயிரணுக்களில் வேலை செய்யும் புரத ஊக்கிகளுக்கு ‘நொதி’ என்ற தனிச்சொல் இருக்கிறது. அதை அவற்றுக்கே விட்டுவிடலாம். நஞ்சு என்பது ஊக்கியின் பரப்பில் ஒட்டிக்கொண்டு அதைச் செயலிழக்கச் செய்யும் பொருள். கார்ப் புகைக்குழாயில் ஊக்கிகளாக உள்ள பிளாட்டினம், பல்லேடியம், ரோடியத்துக்கு ஈயம் அப்படிப்பட்ட நஞ்சு. தென்னாப்பிரிக்கா 2006-இல் ஈயம் கலந்த பெட்ரோலைக் கைவிட்டது.