கல் எங்கே கிடந்தது?

போன மாதம் ஒருவர் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய அம்மோனைட் கற்களை, அதாவது பழங்காலக் கடலில் வாழ்ந்த சுருள் ஓட்டு உயிரிகள் கல்லாகிப் போனவற்றை, கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். அவருடைய அப்பா அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை பார்த்தவராம். முப்பது வருடமாகப் பொறுக்கிச் சேர்த்தவை. சுருள் சுருளாக, வரி வரியாக, கண்ணை எடுக்க முடியாத அழகு. "எந்தக் குழியில் எடுத்தது, எந்த ஓடையில் கிடந்தது, அப்பா ஏதாவது எழுதி வைத்திருக்கிறாரா?" என்று கேட்டேன். இல்லை என்றார். அப்பா போய் இரண்டு வருடமாகிறது.

அருங்காட்சியகத்தில் புதைபடிவங்களைப் பராமரிக்கிற எனக்கு மனது கனத்துப்போகிற நேரம் இதுதான். கல் பாதியைத்தான் சொல்லும். எந்த அடுக்கு, பக்கத்தில் வேறு என்ன கிடந்தது என்கிற மீதிக் கதை, கல் கிடந்த இடத்தில் இருக்கிறது. அந்த இடத்தின் பெயர் தொலைந்தால், பிறகு யார் நினைத்தாலும் அதை மீட்க முடியாது.

இந்தத் துறைக்கு வர ஆசைப்படும் மாணவர்கள் பலர், டைனோசர் தேடிப் போன பயணங்களால் புகழ்பெற்ற ராய் சாப்மன் ஆண்ட்ரூஸைப் பற்றிக் கேட்பார்கள். தொப்பி, துப்பாக்கி, கோபி பாலைவனம் என்று அவர் படங்களைப் பார்த்து மயங்கியிருப்பார்கள். மயங்க வேண்டிய ஆள்தான். 1884இல் அமெரிக்காவின் பெலாய்ட் என்ற சிற்றூரில் பிறந்தவர். விலங்குத் தோலைப் பதப்படுத்தி உயிருள்ளது போல நிறுத்தும் வேலையைத் தானாகவே கற்று, அந்தக் காசில் கல்லூரி படித்தார். 1906இல் நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் போய் வேலை கேட்டார். இடம் காலியில்லை என்றார்கள். தரை துடைக்கவாவது ஆள் வேண்டுமே, அதைச் செய்கிறேன் என்றார். அப்படித்தான் உள்ளே நுழைந்தார். மறு வருடமே லாங் ஐலண்ட் கரையில் பிடிபட்ட ஒரு திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டை எடுத்துவர அனுப்பினார்கள். புயலில் எலும்புகள் மணலுக்குள் புதைந்துவிட, கடுங்குளிரில் தோண்டி எடுத்து வந்தார். 1912இல் கொரியாவுக்குப் போய், அற்றுப்போனதாகப் பலர் நினைத்திருந்த சாம்பல் திமிங்கிலம் இன்னும் இருப்பதைக் காட்டினார்.

1922 முதல் 1930 வரை ஐந்து முறை மங்கோலியாவுக்கும் வட சீனாவுக்கும் பயணக்குழுவைக் கூட்டிக்கொண்டு போனார். மனிதனின் மூதாதையரைத் தேடித்தான் போனார்கள். அது கிடைக்கவில்லை. டைனோசர்கள் கிடைத்தன. ஒட்டகங்கள் பெட்ரோலும் உணவும் சுமந்து முன்னால் போகும். கார்கள் பின்னால் வரும். எலும்புகளைச் சுற்றிக் கட்டக் கோணித்துணி தீர்ந்தபோது கூடாரத் துணியைக் கிழித்தார்கள், உடுத்திய துணிகளைக்கூடக் கொடுத்தார்கள். உணவுக்கு வைத்திருந்த மாவு பசை காய்ச்சப் போயிற்று.

ஆனால் தோண்டுகிற வேலையில் ஆண்ட்ரூஸுக்குப் பொறுமை கிடையாது. கடப்பாரையைக் கையில் எடுத்தால் எலும்பு உடையும். உடைந்துபோன மாதிரிகளை அவர் பெயரின் முதலெழுத்துகளாலேயே குறிப்பிடும் பழக்கம் அங்கே வந்துவிட்டது. நுணுக்கமான வேலையெல்லாம் குழுவின் புதைபடிவ நிபுணர் வால்டர் கிரேஞ்சரும் அவருடைய உதவியாளர்களும் செய்தது. பணம் திரட்டுவது, அனுமதி வாங்குவது, ஆட்களைச் சேர்த்துக் கட்டிக்காப்பது ஆண்ட்ரூஸின் பங்கு. இதை அவருடைய குறையாக நான் பார்க்கவில்லை. அவர் இல்லையென்றால் குழுவே இல்லை. கிரேஞ்சர் இல்லையென்றால், குழு கொண்டுவந்ததற்கு மதிப்பில்லை. மாணவர்களிடம் நான் அழுத்திச் சொல்வது இந்த இரண்டாவது மனிதரைப் பற்றித்தான்.

ஏன் என்றால், 1923 ஜூலையில் 'எரியும் பாறைகள்' என்று அவர்கள் பெயரிட்ட செம்மண் சரிவில், குழுவைச் சேர்ந்த ஜார்ஜ் ஓல்சன் டைனோசர் முட்டைகளைக் கண்டார். அதே இடத்தில் முட்டைகளுக்கு மேலே ஒரு சிறு டைனோசரின் எலும்புகளும் கிடந்தன. அங்கே நிறையக் கிடைத்த புரோட்டோசெரடாப்ஸ் என்ற தாவரம் தின்னும் டைனோசரின் முட்டைகள் இவை, மேலே கிடந்த விலங்கு திருட வந்தது என்று முடிவுகட்டி, 1924இல் 'முட்டைத் திருடன்' என்ற பொருளில் ஓவிராப்டர் என்று பெயர் வைத்தார் அருங்காட்சியகத்தின் தலைவர் ஆஸ்பார்ன். பெயர் தவறாக இருக்கலாம் என்று அவரே எழுதியும் வைத்தார். எழுபது வருடம் கழித்து, 1993இல் அதே அருங்காட்சியகத்தின் குழு கோபியில் அதே மாதிரி முட்டை ஒன்றைக் கண்டது. உள்ளே இருந்த கருவின் எலும்புகள் ஓவிராப்டர் குடும்பத்தைச் சேர்ந்தவை. திருடன் என்று பெயர் வாங்கியது, தன் கூட்டின்மேல் இருந்த விலங்குதான் போலிருக்கிறது. இந்தப் பழியைத் துடைக்க முடிந்தது எதனால்? எலும்பு முட்டைகளுக்கு மேல் எப்படிக் கிடந்ததோ, அந்த விவரத்தோடு 1923இல் எடுத்து வைத்தார்கள். யாராவது எலும்பைத் தனியாக, முட்டையைத் தனியாகப் பையில் போட்டிருந்தால், திருத்துவதற்கு என்ன இருந்திருக்கும்?

அதே குழுதான் ஒரு பெரிய தவறும் செய்தது. நிதி திரட்டுவதற்காக ஒரு முட்டையை ஏலம் விட்டார்கள். 5,000 டாலருக்குப் போயிற்று. ஒவ்வொரு முட்டைக்கும் அந்த விலை உண்டு என்று சீனாவிலும் மங்கோலியாவிலும் நினைத்துவிட்டார்கள். அறிவியலுக்காக வந்தோம் என்று சொன்னால் அப்புறம் யார் நம்புவார்கள்? அப்படிக் கல்லுக்கு விலை வைத்த வழக்கம் இன்றும் ஓயவில்லை. 2012இல் மங்கோலியாவிலிருந்து கடத்தப்பட்ட டார்போசாரஸ் என்ற டைனோசரின் எலும்புக்கூடு நியூயார்க்கில் 10 லட்சம் டாலருக்குமேல் ஏலம் கேட்கப்பட்டது. நீதிமன்றம்வரை போய், 2013இல்தான் அது மங்கோலியாவுக்குத் திரும்பியது.

நம் ஊரில் 2020இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் டைனோசர் முட்டை என்று செய்தி பரவியது நினைவிருக்கும். அவை அம்மோனைட்டைச் சுற்றி இறுகிய கல்லுருண்டைகள். முட்டை இல்லை என்றதும் பலருக்கு ஏமாற்றம். எனக்கு இல்லை. இன்று வயலும் ஏரியுமாக இருக்கிற இடத்தில் கடல் கிடந்தது என்பதற்கு அது சாட்சி.

ஓடையிலோ குழியிலோ அப்படி ஏதாவது கண்ணில் பட்டால், கை வைக்காதீர்கள். முதலில் கிடந்தபடியே போனில் படம் எடுங்கள், அளவு தெரிய பக்கத்தில் ஒரு பேனா வைத்து. தள்ளி நின்று சுற்றுப்புறம் தெரிகிற மாதிரி இன்னொரு படம். போன் காட்டும் இருப்பிடக் குறியீட்டைச் சேமித்துக்கொள்ளுங்கள். அப்புறம் பக்கத்து அரசு அருங்காட்சியகத்துக்கோ கல்லூரிப் புவியியல் துறைக்கோ சொல்லுங்கள். சுண்ணாம்பு தடவுவது, எண்ணெய் பூசிப் பளபளப்பாக்குவது, ஃபெவிகால் போட்டு ஒட்டுவது எதுவும் வேண்டாம். ஏற்கெனவே வீட்டில் இருக்கிறதா? எடுத்த பெரியவர் இருக்கும்போதே உட்காரவைத்துக் கேட்டு, கல்லுக்கு ஒரு எண் போட்டு, இடத்தை ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள்.

பிஸ்கட் டப்பாக்காரர் நேற்று மறுபடி வந்தார். டப்பாவின் அடியில் விரித்திருந்த பழைய காலண்டர் தாளில் அப்பாவின் கையெழுத்தில் ஒரு வரி இருந்ததாம்: பெரிய கல், கல்லங்குறிச்சி, கிழக்குக் குழி. மற்றவற்றைப் பள்ளிப் பிள்ளைகள் தொட்டுப் பார்க்கும் பெட்டியில் வைத்திருக்கிறேன். அந்த ஒரு கல்லுக்கு மட்டும் பதிவேட்டில் எண் போட்டேன்.