கடைசி மூன்று மீற்றர்

செங்கலடிப் பக்கமிருந்து ஒரு விளையாட்டு ஆசிரியர் கேட்டிருக்கிறார்: "எங்கட பிள்ளைகளுக்கு பேஸ்போல் தொடங்கியிருக்கிறம். பிளேட்டுக்குப் பின்னால நடுவரா நிக்கிறது நான்தான். பந்து வாறது வடிவாத் தெரியுது சேர். கடைசியில எங்கால போனதெண்டுதான் விளங்கல்ல. கெட்ச்சர்ர கையுறையப் பாத்துத்தான் ஸ்ட்ரைக் சொல்றன். கண்ணாடி போடணுமா?"

வேண்டாம். உங்கள் கண்ணில் ஒரு குறையும் இல்லை.

விதி உங்களுக்குத் தெரிந்ததுதான். அடிப்பவருக்குப் பக்கத்தில் தரையில் பதித்திருக்கும் ஹோம் பிளேட்டின் அகலம் 17 அங்குலம், ஏறத்தாழ 43 சென்ரிமீற்றர். உயரம் அடிப்பவரின் முழங்காலுக்குக் கீழிருந்து நெஞ்சு வரை. அந்த வலயத்தைப் பந்தின் ஓரம் உரசினாலே ஸ்ட்ரைக், அது அடிப்பவருக்குப் பாதகம். பிளேட்டுக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிப்பவர் கெட்ச்சர். எறிபவர் நிற்பது 18.44 மீற்றர் தூரத்தில். மணிக்கு 110 கிலோமீற்றர் வேகத்தில் எறிந்தால் பந்து அரைச் செக்கனுக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் வந்துவிடும்.

இப்போது பேஸ்போலை விட்டுவிட்டு கல்லடிப் பாலத்தில் ஓரமாக நில்லுங்கள். தூரத்தில் ஒரு பஸ் வருகிறது. அது நகர்வதே தெரியாது, மெல்ல மெல்லப் பெரிதாகும், அவ்வளவுதான். பக்கத்தில் வந்ததும் 'சர்'ரென்று தாண்டிப் போகும், தலையைத் திருப்ப முதல் பின்பக்கந்தான் தெரியும். சாரதி வேகத்தைக் கூட்டவில்லை. கூடியது உங்கள் கண் திரும்பவேண்டிய வேகம்.

எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இதுதான். பந்து செக்கனுக்கு 30 மீற்றர் வேகத்தில், உங்கள் கண்ணுக்கு நேரே வராமல் அரை மீற்றர் விலகி வருகிறது என்று வையுங்கள். 15 மீற்றர் தூரத்தில் அதைத் தொடர உங்கள் கண் செக்கனுக்கு 4 பாகை திரும்பினால் போதும். 5 மீற்றரில் 34 பாகை. 3 மீற்றரில் 90ஐத் தாண்டும். 2 மீற்றரில் 200. தூரம் பாதியானால் இந்த வேகம் கிட்டத்தட்ட நான்கு மடங்காகிறது. ஆனால் மனிதக் கண் ஒரு பொருளை வழுக்காமல் பின்தொடர்வது செக்கனுக்குச் சுமார் 100 பாகை வரைதான். ஆகவே கடைசி மூன்று மீற்றரில் பந்து உங்களை விட்டுப் போய்விடுகிறது. அடிப்பவரின் நிலை இன்னும் மோசம்: முன்னால் முக்கால் மீற்றரில் கடக்கும் பந்தைத் தொடர அவருக்கு 2000 பாகைக்கு மேல் வேண்டும். "நான் கண்ணால கண்டனான், அது வெளியில" என்று அவர் சத்தியம் செய்தாலும் நம்பாதீர்கள். பாவம், அவர் காணவில்லை.

டெரி பாஹில், டொம் லாரிட்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவர் இதை அளந்து 1984இல் வெளியிட்டார்கள். எப்படியென்று நினைக்கிறீர்கள்? ஒரு பிளாஸ்டிக் பந்தில் மீன்பிடிக்கிற தங்கூசி நூலைக் கோத்து, மோட்டாரால் இழுத்தார்கள். பார்த்தவர்களின் கண் அசைவைப் பதிந்தார்கள். தொழில்முறை வீரர் ஒருவராலேயே பிளேட்டுக்கு ஐந்தரை அடி தூரம் வரைதான் பந்தைத் தொடர முடிந்தது. தங்கூசிக்கு மட்டக்களப்பில் என்ன பஞ்சம்? ஆய்வென்றால் கோடிக்கணக்கில் காசு வேணும் என்று கைகட்டி இருப்பவர்களைக் கண்டால் எனக்கு இந்தத் தங்கூசிதான் ஞாபகம் வரும்.

பந்தைத் தவறவிட்ட கண் சும்மா இருக்காது, தாவும். தாவும்போது மூளை பார்வையை ஒரு கணம் அடக்கிவிடும். கண்ணாடி முன் நின்று இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாறி மாறிப் பாருங்கள். உங்கள் கண் அசைவதை உங்களால் காணவே முடியாது. தாவிய கண் போய் இறங்குவது கையுறையில். நீங்கள் தெளிவாகக் காணும் முதல் காட்சி அதுதான். கெட்டிக்காரக் கெட்ச்சருக்கு இது தெரியும். வெளியே பிடித்த பந்தை ஒரு சாண் உள்ளே இழுத்து வைத்திருப்பான். நீங்களும் கையைத் தூக்கிவிடுவீர்கள்.

விலகலைக் குறைப்பதுதான் வழி. அரை மீற்றரைக் கால் மீற்றராக்கினால் 2 மீற்றரில் 200 பாகை 100 சொச்சமாக இறங்கிவிடும், கண் கிட்டத்தட்ட எட்டிப்பிடிக்கும். அதனால்தான் அனுபவசாலிகள் கெட்ச்சரின் தலைக்கு நேர் பின்னால் நிற்பதில்லை. கெட்ச்சருக்கும் அடிப்பவருக்கும் நடுவே உள்ள இடைவெளியில், பிளேட்டின் உள் ஓரத்தை ஒட்டிக் கண் இருக்கும்படி நிற்பார்கள். நாடி கெட்ச்சரின் உச்சந்தலை மட்டத்தில் இருக்கும். அதைவிடக் குனிந்தால் தாழ்ந்த பந்தைக் கெட்ச்சரே மறைப்பார். தலை அசையக்கூடாது, கண் மட்டும் ஓடவேண்டும். தலை நான்கு விரற்கடை இறங்கினாலும் அதே பந்து வேறு கோணத்தில் தெரியும், நேற்றைய ஸ்ட்ரைக் இன்று 'போல்' (வலயத்துக்கு வெளியே போன பந்து) ஆகிவிடும்.

குரலைப் பற்றியும் ஒரு சொல். சித்திரை வருடப்பிறப்பு மென்பந்துப் போட்டியொன்றில் நான் நடுவராக நின்றேன். பந்து தாண்டுமுன்பே "வைட்" என்று கத்திவிட்டேன். அது போய் ஸ்டம்பில் பட்டது. சனம் சிரித்த சிரிப்பு! எனக்குக் கண்ணூறு பட்டுவிட்டதென்று ஒரு பெரியவர் தேசிக்காய் வெட்டச் சொன்னார். கண்ணூறுமில்லை, ஒரு மண்ணுமில்லை, அவசரப்பட்டேன். பந்து கையுறைக்குள் போன பிறகும் கண்ட பாதையை மூளை கோத்து முடிக்க ஒரு மூச்சு நேரம் வேண்டும். அந்த மூச்சை எடுத்துவிட்டு, ஒரே தடவை, உரத்துச் சொல்லுங்கள். இழுத்தால் அடிப்பவரும் கெட்ச்சரும் திரும்பி உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு சொல்வதெல்லாம் பேரம்தான்.

பயிற்சிக்குப் போட்டி தேவையில்லை. பிள்ளைகள் எறிந்து பழகும்போது முகக்கவசத்தோடு கெட்ச்சருக்குப் பின்னால் நில்லுங்கள். ஐம்பது பந்துக்கு வாயே திறக்காதீர்கள், தலை ஆடுகிறதா என்று மட்டும் ஒருவரைப் பக்கத்திலிருந்து போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். முதல் வீடியோவைப் பார்த்தால் வெட்கமாக இருக்கும். என்னுடையதில் தலை தவளை மாதிரித் துள்ளியது.