குடும்ப ஜெபத்தில் யாருடைய பாவ அறிக்கை?

பதினொரு வயது மகனை அழைத்துக்கொண்டு ஒரு தகப்பனார் ஆலோசனைக்கு வந்தார். பையன் குடும்ப ஜெபத்துக்கு உட்கார மறுக்கிறான் என்பதுதான் புகார். “விசுவாசக் குடும்பத்தில் பிறந்த பிள்ளைக்கு ஜெபம் கசக்குமா?” என்று கேட்டார். அவனிடம் தனியாகப் பேசினேன். வெகு நேரம் கழித்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னான்: “அப்பா கண்ணை மூடிக்கொண்டு என்னைத் திட்டுகிறார்.” (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

“கர்த்தாவே, இவனுக்குக் கீழ்ப்படிதலைத் தாரும், பொய் நாவை எடுத்துப்போடும்” என்று தினமும் இரவில் கேட்கும் பிள்ளைக்கு அது ஜெபமாகப் படுவதில்லை. தன்மேல் ஒரு புகார் மனு, பதில் சொல்லவே வழியில்லாத இடத்தில், தாக்கல் ஆகிறது. “இயேசப்பா கண்ணைக் குத்திவிடுவார்” என்று மிரட்டுவதும் இதே ரகம். பெற்றோரின் கோபத்துக்குக் கடவுளைக் காவல்காரராக நிறுத்தினால், பிள்ளை வளர்ந்ததும் இருவரிடமிருந்தும் சேர்த்தே விலகுகிறது.

நானும் ஜெபிக்கிறவன்தான். விசுவாசம் நல்ல பெற்றோரை உருவாக்கும் என்று நம்புகிறேன். அதைப் பெற்றோர் முதலில் தங்கள்மேல் பிரயோகித்துக்கொண்டால். எபேசியர் 6-ஆம் அதிகாரத்தின் முதல் வசனம், பிள்ளைகள் கீழ்ப்படிய வேண்டும் என்பது, ஞாயிறு பள்ளிக்குப் போன எல்லாக் குழந்தைகளுக்கும் மனப்பாடம். பிள்ளைகளைக் கோபப்படுத்தாதீர்கள் என்று தகப்பன்மாருக்குச் சொல்லும் 4-ஆம் வசனத்தை ஒப்புவிக்கச் சொன்னால், பல அப்பாக்கள் தடுமாறுகிறார்கள். கொலோசெயர் 3:21 காரணத்தையும் சொல்கிறது: பிள்ளைகள் “திடனற்றுப்போகாதபடி”. மனம் தளர்ந்த குழந்தைகளைத் தினமும் பார்க்கிற எனக்கு அந்தச் சொல் மிகச் சரியாகப் படுகிறது.

உடனே, “பிரம்பைக் கையாடாதவன் தன் மகனைப் பகைக்கிறான்” என்ற பிரம்பு வசனம் வரும். நீதிமொழிகள் 13:24-இல் பிரம்பு என்று மொழிபெயர்த்திருக்கும் எபிரெயச் சொல்லும், சங்கீதம் 23:4-இல் “உமது கோலும் உமது தடியும் என்னைத் தேற்றும்” என்பதில் வரும் கோலும் ஒன்றே. நீதிமொழிகள் அடிப்பதைப் பற்றிப் பேசவே இல்லை என்று நான் வாதாடவில்லை. நீதிமொழிகள் 23:13 நேராகவே பேசுகிறது. ஆனால் மேய்ப்பனின் கோலைக் கண்டு ஆட்டுக்குத் தேறுதல் வருகிறது. உங்கள் கையில் இருப்பதைக் கண்டு உங்கள் பிள்ளைக்கு என்ன வருகிறது? அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் 2018-இல் அடிப்பது, கத்துவது, அவமானப்படுத்துவது ஆகிய மூன்றையும் கைவிடச் சொன்னது. அடி நாளடைவில் முரட்டுத்தனத்தைத்தான் வளர்க்கிறது. அனுபவத்தில் நான் காண்பதும் அதுவே.

விசுவாசம் உள்ள பெற்றோரிடம் ஓர் அரிய கருவி இருக்கிறது: பாவ அறிக்கை. “உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு” என்கிறது யாக்கோபு 5:16. அந்த “ஒருவருக்கொருவர்” என்பதற்குள் வீட்டுப் பிள்ளைகள் இல்லையா? ஆலயத்தில் வாரந்தோறும் தன்னைப் பாவி என்று அறிக்கையிடும் அம்மாவுக்கு, ஒன்பது வயது மகளிடம் “நான் செய்தது தவறு” என்று சொல்ல நா எழவில்லை. மரியாதை போய்விடும் என்ற பயம்.

போகாது. 1970-களில் எட்வர்ட் டிரானிக் என்ற உளவியலாளர், குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருந்த தாயைச் சில நிமிடங்கள் முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் இருக்கச் சொன்னார். குழந்தை சிரித்துப் பார்த்தது, கையை நீட்டிப் பார்த்தது, கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவருடைய பிற்கால ஆய்வுகள் அழுத்திச் சொன்னது இதுதான்: உறவு அறுபடுவது எல்லா வீட்டிலும் நடக்கும், அறுந்ததை மறுபடி சேர்ப்பதில்தான் பாதுகாப்பு இருக்கிறது.

மன்னிப்புக் கேட்கும்போது ஒரு சொல்லைத் தவிருங்கள்: “ஆனால்”. “நான் அடித்தது தவறு, ஆனால் நீயும்…” என்று தொடங்கினால் அங்கே மறுபடி விசாரணை ஆரம்பித்துவிடும். லூக்கா 15-இல், தன் பங்குச் சொத்தை வாங்கிப்போய் அழித்துவிட்டு வீடு திரும்பும் இளைய மகன் மனப்பாடம் செய்துவந்த மன்னிப்புப் பேச்சை முடிக்கக்கூட அந்தத் தகப்பன் விடவில்லை. கணக்குக் கேட்கவுமில்லை.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். தூக்கமில்லாமல் தவிக்கும், தன்னையே காயப்படுத்திக்கொள்ளும், சாக விரும்புவதாகச் சொல்லும் பிள்ளைக்கு ஜெபத்தோடு மருத்துவரும் வேண்டும், அன்றைக்கே. உபவாசம் முடியட்டும் என்று காத்திருந்து தாமதமாக வந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

அந்தத் தகப்பனாருக்கு ஒரு வாரப் பயிற்சி கொடுத்தேன்: குடும்ப ஜெபத்தில் மகன் பெயரை எடுக்கக்கூடாது, தன்னைப் பற்றி மட்டுமே பேச வேண்டும். முதல் இரண்டு நாள் பேச ஒன்றும் அகப்படவில்லையாம். மூன்றாம் நாள், “ஆண்டவரே, இன்று அவன் செய்த தவறைவிட என் கோபம் பெரிதாக இருந்தது” என்றிருக்கிறார். ஒரு மாதம் கழித்து இருவரும் வந்தார்கள். பையன் இப்போது ஜெபத்துக்கு உட்காருகிறான். கண்ணைத்தான் மூடுவதில்லை, அப்பா இன்றைக்கு என்ன சொல்லப்போகிறார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறானாம்.