‘பஞ்சி பிடிச்சவன்’ என்று சொல்லாதீர்கள்

இந்த மாதமும் ஒரு பிள்ளை திரும்ப மனநல வார்டுக்கு வந்திருக்கிறான். (ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) சிசோபிரினியா என்ற மனச்சிதைவு நோய்க்குச் சிகிச்சை எடுத்து, காதில் கேட்ட குரல்கள் நின்று, வீட்டில் நன்றாக இருந்தவன். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைப் பக்கம் உறவினர் ஒருவரின் கடையில் வேலைக்கு விட்டார்கள். மூன்று சாமான் கேட்டால் ஒன்றை எடுத்துவந்தான், மிச்சக்காசு கொடுக்கத் தடுமாறினான். எல்லோர் முன்னிலையிலும் ஏச்சு விழுந்தது. அதன்பின் படுத்த பாயை விட்டு அவன் எழும்பவில்லை. “குளிசைதான் இவனை மந்தமாக்குது” என்று யாரோ சொல்ல, வீட்டில் குளிசையை நிறுத்தினார்கள். சில கிழமைகளில் குரல்கள் திரும்பிவிட்டன.

தொழில்வழிச் சிகிச்சையாளராக, அதாவது அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்யப் பழக்குபவராக, நான் கிளினிக்கில் அடிக்கடி கேட்கும் வசனம் இது: “மிஸ், வருத்தம் மாறிட்டுது. இப்ப இவனுக்குப் பஞ்சி மட்டும்தான்.” சோம்பல் என்கிறார்கள். கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. வருத்தம் மாறவில்லை, அம்மா. அதன் ஒரு பகுதி அடங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

குரல் கேட்பது, வீணாகச் சந்தேகப்படுவது எல்லாம் வெளியே தெரியும், ஊர் பார்க்கும். மருந்து அவற்றைத்தான் நன்றாகக் கட்டுப்படுத்துகிறது. கவனம், ஞாபகம், யோசிக்கும் வேகம், திட்டமிடல் ஆகியவற்றில் விழும் அடி வெளியே தெரியாது. அதற்கு இந்த மருந்துகள் பெரிதாக உதவுவதும் இல்லை. ஜெர்மானிய மருத்துவர் எமில் கிரேப்பெலின் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இதைக் கவனித்து எழுதினார். சிலரில் இந்தச் சரிவு முதற்குரல் கேட்பதற்கு முன்பே தொடங்கிவிடும். சாதாரண தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளை உயர்தர வகுப்பில் காரணம் தெரியாமல் பின்தங்கியதை, நோய் வந்தபிறகுதான் பெற்றோர் நினைத்துப் பார்க்கிறார்கள்.

“அரைக் கிலோ பருப்பு, ஒரு தேங்காய், அப்பாவுக்குப் பேப்பர், வரேக்க படலையைச் சாத்து” என்று நீங்கள் ஒரே மூச்சில் சொல்கிறீர்கள். அவனும் கேட்கிறான். தேங்காய் என்று கேட்கும்போது பருப்பு நழுவிவிடுகிறது. வழியில் ஒருவர் கதை கொடுத்தால் தேங்காயும் போய்விடும். கடைவாசலில் எதற்கு வந்தோம் என்று நிற்கிறான். வெறுங்கையோடு திரும்பினால் ஏச்சு. அடுத்தமுறை “போகமாட்டேன்” என்கிறான். அந்த “மாட்டேன்” மட்டும்தான் உங்கள் காதில் விழுகிறது. சந்தேகமென்றால் அவன் விரும்பிச் செய்வதைக் கவனியுங்கள். ஆசைப்பட்டுப் பார்க்க உட்கார்ந்த கிரிக்கெட் ஆட்டத்தையே பாதியில் பின்தொடர முடியாமல் எழுந்துபோவான். பிடித்த விஷயத்திலுமா ஒருவன் பஞ்சிப்படுவான்? எதிலும் நாட்டமே இல்லாமல் இருப்பதும் இதே நோயின் ஒரு பகுதிதான், அதையும் குணக்கேடு என்று எழுதிவிடாதீர்கள். கை முறிந்து மாவுக்கட்டு கழற்றியவனிடம் அன்றைக்கே நெல்மூட்டை தூக்கச் சொல்வீர்களா?

குளிசை பற்றியும் நேராகச் சொல்கிறேன். அளவு கூடினால் தூக்கம் தூக்கமாக வரும், உண்மைதான். கைநடுக்கத்துக்காகச் சேர்த்துக் கொடுக்கும் பென்ஸ்ஹெக்சோல் போன்றவை ஞாபகத்தைக் குழப்பவும் கூடும். அதை டொக்டரிடம் சொல்லுங்கள், குறைக்கலாமா என்று அவர் பார்ப்பார். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இந்தக் குறைபாட்டுக்குப் பயிற்சி உண்டு. அவனால் முடிந்த இடத்திலிருந்து தொடங்குவோம். அட்டைகள், பென்சில் வேலை, சில இடங்களில் கணினி. கேட்டதை வாய்விட்டுத் திருப்பிச் சொல்வது, சாமான்களை இனம் பிரித்து நினைவில் வைப்பது, முடித்ததும் ஒருமுறை சரிபார்ப்பது என்று உத்திகளை அவனோடு சேர்ந்து கண்டுபிடிப்போம். பிறகு அதே உத்தியோடு உண்மையான கடைக்கு அனுப்புவோம். இந்தக் கடைசிப் படி இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வீண் என்பது என் அபிப்பிராயம்.

2021 இல் இத்தகைய பயிற்சி பற்றிய 130 ஆய்வுகளை, 8,851 பேரின் முடிவுகளோடு ஆய்வாளர்கள் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். பலன் உண்டு, ஆனால் அது அற்புதமல்ல. சிறிய அளவிலிருந்து நடுத்தர அளவு வரைதான். பயிற்றப்பட்ட ஒருவர் பக்கத்தில் இருந்து, உத்திகளைச் சொல்லிக்கொடுத்து, வேலை, பழக்கவழக்கம் போன்ற மறுவாழ்வுப் பயிற்சியோடு இணைத்த இடங்களில் பலன் கூடியிருந்தது. குறைவாகப் படித்தவர்களும் நன்றாகப் பயன்பெற்றிருந்தார்கள். ஆகவே “இவன் ஓ.எல்லே பாஸ் இல்லை, இவனுக்கு என்னத்தைப் படிப்பிக்கப் போறியள்” என்று இனிக் கேட்காதீர்கள்.

கனடாவிலிருந்து சித்தப்பா டேப்லட் ஒன்று அனுப்பியிருப்பார், அதில் மூளை விளையாட்டுகள் இருக்கும். அன்பு புரிகிறது. ஆனால் அறைக்குள் தனியே இருந்து விளையாடினால் அந்த விளையாட்டில்தான் கெட்டிக்காரனாவான். மிச்சக்காசு எண்ண வராது.

வீட்டில் ஒருநேரம் ஒரு வேலை சொல்லுங்கள். அதை அவன் வாயால் திருப்பிச் சொல்லட்டும். இரண்டாவது சாமான் இருந்தால் துண்டில் எழுதிக் கொடுங்கள். அப்படிக் கொடுப்பது அவமானமல்ல. குளிசை, திறப்பு, போன் எல்லாவற்றுக்கும் ஒரே இடம். விடிய எழும்பியதும் என்ன, அப்புறம் என்ன என்று சுவரில் ஒட்டுங்கள். பின்னேரம் வேகமாக நடக்கவோ சைக்கிள் ஓடவோ கூட்டிக்கொண்டு போங்கள். உடற்பயிற்சி இந்நோயில் யோசிக்கும் திறனுக்கே உதவுகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. கஞ்சா பக்கம் போகவே கூடாது.

கடை வைத்திருப்பவர்களிடம் ஒரு கெஞ்சல். இப்படி ஒரு பிள்ளையை எடுத்தால் முதலில் ஒரே வேலையைக் கொடுங்கள், பருப்பு நிறுத்துக் கட்டுவது மாதிரி. பிழை விட்டபின் திருத்தாமல், பிழை வராதபடி பக்கத்தில் நின்று காட்டுங்கள். கை பழகியபின் அடுத்தது.

பெற்றோரே, கிளினிக் நாளில் குளிசையை மட்டும் வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடாதீர்கள். யாழ் போதனா வைத்தியசாலையோ தெல்லிப்பழையோ, எங்கே காட்டினாலும் “இவனுக்கு ஞாபகத்துக்கும் கவனத்துக்கும் பயிற்சி இருக்கிறதா” என்று வாய்திறந்து கேளுங்கள். எந்த வேலையில், எந்தப் படியில் தடுமாறுகிறான் என்று ஒரு கொப்பியில் குறித்துக்கொண்டு வாருங்கள், எங்களுக்கு அதுதான் தேவை. இடையில் நித்திரை குழம்பினாலோ தனியே கதைக்கத் தொடங்கினாலோ அடுத்த கிளினிக் வரை பார்த்துக்கொண்டிருக்காமல் கூட்டிக்கொண்டு வாருங்கள். இரவென்றால் மனநல உதவி இலக்கமான 1926க்கு எடுங்கள், தமிழிலும் பேசலாம்.