உள்ளே போகாத ஹெர்னியாவைத் தடவாதீர்கள்

கவட்டு வீக்கத்தில் தைலம் போட்டுத் தடவி, தோல் சிவந்து கன்றிப்போன பிறகு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. கடைசியாக வந்தவர் கடலோரத்துக்காரர். வலப்பக்கம் பல வருடமாக ஹெர்னியா, அதாவது வயிற்றுச் சுவரில் விழுந்த ஓட்டை வழியாக உள்ளே இருப்பது வெளியே பிதுங்குவது. வள்ளம் தள்ளினால் வெளியே வரும், படுத்தால் உள்ளே போகும். ஒரு நாள் போகவில்லை. வீட்டில் ஒரு தடவல், வெளியே ஒரு தடவல், மெடிக்கல் கடையில் ஒரு வலி ஊசி. நான்காம் நாள் காய்ச்சலோடு வந்து என்னிடமே வாதாடினார்: “சாரே, வெளிக்கு நல்லா போவுது, வாந்தி இல்ல. குடல் சிக்கியிருந்தா நான் இப்படி இருப்பேனா?”

அவர் சொன்னதில் பாதி சரி. குடல் சிக்கவில்லை. ஆபரேஷனில் ஹெர்னியாவின் பையைத் திறந்தால் உள்ளே இருந்தது குடல்வால், அதாவது அப்பெண்டிக்ஸ். விரல் தடிமனுக்கு வீங்கி, நுனி கறுத்து, சுற்றிலும் சீழ்.

இதற்கு அமியாண்ட் ஹெர்னியா என்று பெயர். கவட்டு ஹெர்னியாக்களில் நூற்றில் ஒன்று, அல்லது அதற்கும் குறைவாகத்தான் உள்ளே அப்பெண்டிக்ஸ் இருக்கும். அது அழற்சியோடும் இருப்பது ஏறக்குறைய ஆயிரத்தில் ஒன்று. அப்பெண்டிக்ஸ் இருப்பது வலப்பக்கம் என்பதால் இதுவும் பெரும்பாலும் வலப்பக்கமே வரும். எங்கள் ஆபரேஷன் தியேட்டரில் இப்படி ஒன்று கிடைத்தால் மயக்க டாக்டர்கூடத் திரைக்கு மேலே எட்டிப் பார்ப்பார். 1735-இல் லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் கிளாடியஸ் அமியாண்ட் என்ற சர்ஜன் 11 வயதுப் பையனுக்கு ஹெர்னியா ஆபரேஷன் செய்தார். அவன் எப்போதோ விழுங்கிய குண்டூசி அப்பெண்டிக்ஸைத் துளைத்திருந்தது. அதை அப்படியே வெட்டி எடுத்தார். பதிவில் இருக்கும் முதல் வெற்றிகரமான அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் அதுதான். மயக்க மருந்து வருவதற்கு நூறு வருடத்துக்கு முன்னால்! பையன் பிழைத்துக்கொண்டான்.

சரி, ஆயிரத்தில் ஒருவருக்கு வருவதை வைத்து ஏன் எல்லோரையும் பயமுறுத்துகிறேன்? வீக்கத்தைத் தொட்டுப் பார்த்து உள்ளே இருப்பது இன்னது என்று யாராலும் சொல்ல முடியாது என்பதால்தான். கொழுப்புச் சவ்வாக இருக்கலாம், சிறுகுடலாக இருக்கலாம், சில நேரம் மூத்திரப்பையின் ஓரமாகக்கூட இருக்கலாம். சி.டி. ஸ்கேனில் சில சமயம் தெரியும். பெரும்பாலும் எங்களுக்கே பையைத் திறந்த பிறகுதான் தெரிகிறது. அப்படியிருக்க, “குடல்தானே, அமுக்கினா உள்ள போயிரும்” என்று எந்த தைரியத்தில் அமுக்குகிறீர்கள்?

உள்ளே போய்விட்டால்தான் இன்னும் ஆபத்து. ரத்த ஓட்டம் நின்று கறுத்துப்போன குடலையோ சீழ் பிடித்த அப்பெண்டிக்ஸையோ வயிற்றுக்குள் தள்ளிவிட்டால் வெளியே வீக்கம் மறைந்துவிடும். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், தடவியவருக்குக் கைராசிக்காரர் என்று பெயர். ஓரிரு நாளில் வயிறு பலகையாக இறுகி, நாடி ஓடி, ஐ.சி.யு.வில் படுக்க வேண்டி வரும். நாங்களும் சில நேரம் கையால் உள்ளே தள்ளுவோம், இல்லை என்று சொல்லவில்லை. சிக்கிக் கொஞ்ச நேரமே ஆகியிருக்க வேண்டும், காய்ச்சலோ தோல் சிவப்போ இருக்கக் கூடாது. தள்ளிய பிறகும் வார்டில் படுக்க வைத்து வயிற்றைத் திரும்பத் திரும்பப் பார்ப்போம்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் சுளுக்குக்கும் முறிவுக்கும் ஆசான்மாரிடம், அதாவது வர்ம வைத்தியர்களிடம், போவதைப் பற்றி இங்கே நான் பேச வரவில்லை. விவரம் தெரிந்த ஆசான் இதைத் தொடவே மாட்டார். “இது நம்ம கேஸ் இல்ல, ஆஸ்பத்திரிக்குப் போ” என்று அவர்கள் அனுப்பி நேராக வந்தவர்களும் உண்டு. உழிச்சில், அதாவது தடவல், எண்ணெய்க் குப்பியோடு வீடு தேடி வருகிறவர்களைத்தான் சொல்கிறேன்.

“வெளிக்குப் போகுது, வாந்தி இல்லை” என்பதையும் நம்பாதீர்கள். அப்பெண்டிக்ஸ் ஒரு முட்டுச்சந்து. சாப்பாடு அந்த வழியாகப் போவதில்லை. அது சிக்கி அழுகினாலும் குடல் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கும், எக்ஸ்ரேகூட நன்றாகவே இருக்கும்.

ஆபரேஷனுக்குப் பிறகு வரும் சண்டை தனி. “மெஷ் வைப்பதாகச் சொன்னீர்களே, ஏன் வைக்கவில்லை?” மெஷ் என்பது ஓட்டையை மூட வைக்கும் செயற்கை வலை. அப்பெண்டிக்ஸ் நல்ல நிலையில் இருந்தால், பெரியவர்களுக்குப் பெரும்பாலும் அதை உள்ளே விட்டு மெஷ் வைத்துவிடுவோம். சிறுவர்களுக்கு எடுப்பதா விடுவதா என்பதில் சர்ஜன்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. அழற்சி இருந்தால் அதே கீறல் வழியாக எடுத்துவிட்டு, தசையை நூலால் மட்டும் தைப்போம். சீழ் பட்ட இடத்தில் செயற்கை மெஷ் வைத்தால் கிருமி அதில் ஒட்டிக்கொண்டு புண் ஆறாமல் மாதக்கணக்கில் ஒழுகும், கடைசியில் மெஷ்ஷையே எடுக்க வேண்டி வரும். வெறும் தையலில் ஹெர்னியா திரும்ப வரும் வாய்ப்பு கொஞ்சம் அதிகம்தான். வந்தால் அப்போது மெஷ் வைத்துக்கொள்ளலாம். சீழ் வயிற்றுக்குள் பரவியிருந்தால் வயிற்றையே திறக்க வேண்டும், அப்போது ஹெர்னியா இரண்டாம் பட்சம். உங்களிடம் காசு மிச்சம் பிடிக்க யாரும் மெஷ்ஷை ஒளித்து வைப்பதில்லை ஐயா.

படுத்தால் உள்ளே போகிற ஹெர்னியா இருக்கிறவர்கள் இப்போதே ஒரு சர்ஜனைப் பாருங்கள். நாகர்கோவில் ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் இந்த ஆபரேஷன் செய்கிறார்கள். பெல்ட் ஓட்டையை அடைக்காது. சுமை தூக்குகிறவர்கள், பீடி இருமல்காரர்கள், முக்கி முக்கி மூத்திரம் போகிற பெரியவர்கள் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் தைத்த இடம் தாங்காது. கைக்குழந்தைக்குக் கவட்டில் ஹெர்னியா வந்தால் வளர வளரச் சரியாகும் என்று காத்திருக்காதீர்கள், சரியாகாது.

உள்ளே போய்க்கொண்டிருந்த வீக்கம் போகாமல் நின்று, கல் மாதிரி இறுகி, தொட்டால் வலித்தால் அது அன்றைக்கே பார்க்க வேண்டியது. சிக்கியது குடலாக இருந்தால் சில மணி நேரம்தான் கணக்கு. வெந்நீர் ஒத்தடம் வேண்டாம், தைலம் வேண்டாம், கடையில் வலி ஊசி போட்டு ராத்திரியைக் கடத்தவும் வேண்டாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அந்தச் சீட்டைக் கையோடு கொண்டு வாருங்கள், சர்க்கரை மாத்திரைச் சீட்டையும்தான். வரும் வழியில் டீயோ கஞ்சியோ வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். வயிறு நிறைந்திருந்தால் மயக்கம் கொடுப்பதில் அது வேறு தலைவலி.